கவிழ்ந்த டம்ளர்

மேகலா உருவாக்கிய பாலிமரில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சிட்டிகை. அதையும் கரைத்து, வெயிலை மின்சாரமாக்கும் படலமாகக் கண்ணாடித் துண்டில் பூசி, காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். இதுவும் தோற்றால் ஆய்வையே கைவிட வேண்டியதுதான். திரும்பி வந்தபோது, ஈரப் படலத்தின்மேல் யாரோ ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"யாரு பார்த்த வேலை இது? அந்தக் கை வெளங்குமா?"

"சத்தியமா நான் இல்லக்கா," என்றான் பக்கத்து மேசை இஸ்மாயில். "நான்னா உங்க தலையிலதான் கவுத்திருப்பேன்."

வேறு படலம் இல்லை. அதையே சோதனை விளக்கின் கீழ் வைத்தாள். இதுவரை வந்ததைப்போல் இரண்டு மடங்கு மின்சாரம் வந்தது. டம்ளருக்குள் ஆவி அடைபட்டதால் படலம் மெல்ல மெல்லக் காய்ந்திருக்கிறது. பாலிமரின் நீண்ட இழைகள் நிதானமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. இத்தனை வருடங்களில் அவள் கொடுக்காத அவகாசத்தை யாரோ கொடுத்திருந்தார்கள்.

மறுபடியும் எல்லோரிடமும் கேட்டாள், இம்முறை கெஞ்சி. அவள் வாய்க்குப் பயந்தோ என்னவோ, யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சபித்த அந்தக் கையை ஒரு தரம் பிடித்துக்கொள்ள வேண்டும்போலிருந்தது.

கடையில் புது டம்ளர் ஒன்று வாங்கினாள். தினமும் காலையில் அதில் சூடாக டீ ஊற்றி, ஆய்வகத்துக்கு வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறாள். மதியம் வெளியே வரும்போது, டம்ளர் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கிறது.