யார் ஜெயிச்சாலும் லாபம்

"பரவால்ல மாமா, யாரு ஜெயிச்சாலும் நமக்கு லாபம்தான்லா!"

தனேஷ் வாய் தவறிச் சொல்லிவிட்டான். சொன்ன கையோடு நாக்கையும் கடித்துக்கொண்டான். என்ன பிரயோசனம்?

சிம்பாங் பூலாயில், பெண்ணைப் பெற்ற பத்துமலையின் வீட்டு ஹாலில், டிவியில் பூப்பந்து இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மலேசியாக்காரன் முதல் செட்டைக் கோட்டை விட்டதில் வீடே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. பரிசத் தட்டோடு வந்த மாப்பிள்ளை மட்டும் பல்லைக் காட்டினால் எப்படி இருக்கும்?

பத்துமலை டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நம்ம ஆளு தோக்குறான். இதுல உனக்கு என்ன தம்பி லாபம்?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் கதவோரம் தினேஸ்வரி நின்றிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தான். அவள் கண் முன்னால் அவள் அப்பாவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பந்தயத்துல பணம் வச்சிருக்கேன் மாமா."

"ஐயோ முருகா!" என்றாள் தனேஷின் அம்மா நல்லம்மாள். தண்ணி, சிகரெட் எதையும் என் பிள்ளை தொடமாட்டான் என்று இப்போதுதான் பெருமையடித்து முடித்திருந்தாள், பாவம்.

"சூதாட்டமா?"

"இல்ல மாமா. ரெண்டு பக்கமும் வைப்பேன். பந்தயம் பிடிக்கிற ஒரு புக்கி, இவன் ஜெயிச்சா நல்ல விலை கொடுப்பான், இன்னொரு புக்கி, அவன் ஜெயிச்சா நல்ல விலை கொடுப்பான். கணக்குப் பார்த்து ரெண்டு எடத்துலயும் போட்டுட்டா, யாரு ஜெயிச்சாலும் கையில கொஞ்சம் நிக்கும்."

"அவ்ளோ லேசுன்னா ஊரே இதைத்தானே செய்யும்?"

"லேசு இல்ல மாமா. ஒரு பக்கம் போட்டுட்டு மறுபக்கம் போடறதுக்குள்ள விலை மாறிட்டா மாட்டிக்குவோம். ரெண்டு பக்கமும் வைக்கிறோம்னு புக்கிக்குத் தெரிஞ்சா அக்கவுண்ட்டையே மூடிடுவான். அதோட... சட்டப்படி தப்புதான்."

கடைசி வார்த்தை முனகலாகத்தான் வந்தது. ஏர்கோன் ரிப்பேர் வேலையில் அவனுக்குச் சம்பளம் மோசமில்லை. கல்யாணச் செலவுக்கு ஆகுமே என்று ஆரம்பித்தது. இத்தனை நாள் இதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தான். பரிசத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லும்போது அவனுக்கே உடம்பு கூசியது.

பத்துமலை எழுந்தே விட்டார்.

"போலீஸ் வந்து வாசல்ல நின்னா என் பொண்ணு கதி என்ன? அங்க ஒரு கால், இங்க ஒரு கால்! எவன் தோத்தாலும் எனக்கு லாபம்னு நினைக்கிறவன நம்பி எப்படிலா பொண்ணு கொடுக்கிறது? நான் எஸ்டேட்ல பொறந்து கஷ்டப்பட்டவன். ஆனா ஒரு பக்கம் பேசினா அந்தப் பக்கம்தான் நிப்பேன். தட்டை எடும்மா!"

"அண்ணே, சின்னப் பையன், ஏதோ புத்தி கெட்டு..."

"இன்னியோட விட்டுடறேன் மாமா. அந்தப் பக்கமே போகமாட்டேன்."

"எடுங்கன்னா எடுங்க!"

தனேஷுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தன்னால்தானே அம்மா இப்படிக் கூனிக் குறுகி நிற்கிறாள்! பழத்தட்டை அவன் எடுத்தான், பூத்தட்டை அவள் எடுத்தாள். தினேஸ்வரியை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் அழுவது மட்டும் கேட்டது.

இருவரும் கேட்டைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுச்சேலைகளும் வேட்டிகளுமாக ஒரு கூட்டமே இறங்கியது. கையில் தட்டுகள்.

முன்னால் வந்த அம்மாள், பூத்தட்டோடு நின்ற நல்லம்மாளைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தாள்.

"நீங்க பொண்ணுக்குச் சொந்தமாக்கா? நாங்க பீடோர், மாப்பிள்ளை வீடு. பத்துமலை அண்ணன் அஞ்சு மணிக்குத்தான் வரச் சொன்னாரு. ஹைவேயில ஜாமே இல்ல, வெள்ளன வந்துட்டோம். இன்னிக்கே தட்டு மாத்திடலாம்னு சொல்லியிருக்காரு!"

நல்லம்மாள் மெல்லத் திரும்பினாள்.

"என்னண்ணே இது?"

வாசலில் நின்ற பத்துமலையின் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்ல தங்கச்சி... ஒரு எடம் தட்டிப் போனா இன்னொரு எடம் கையில இருக்கட்டும்னு... பொண்ணைப் பெத்தவன், நான் வேற என்ன செய்ய?"

பீடோர் அம்மாளின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "எல்லாரும் வேன்ல ஏறுங்க" என்றாள் தன் ஆட்களிடம்.

தனேஷ் தலை நிமிரவில்லை. இப்போது பத்துமலையும் நிமிரவில்லை.

அழுகையோடு வாசலுக்கு ஓடி வந்த தினேஸ்வரி, அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அவரு ரெண்டு பக்கமும் வச்சது அவரோட காசுப்பா. நீங்க என்னையேல்ல வச்சிருக்கீங்க!"