போஸ்டருக்கு ஒரு முகம்

குமாசி நகரில் யாராவது கண்ணை மூடினால், குடும்பத்தார் சவப்பெட்டிக்குச் சொல்வதற்கு முன்பே பெம்பாவின் கடைக்குச் சொல்லிவிடுவார்கள். கைபேசிப் படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டியெடுத்து, துக்கப் போஸ்டரில் மேகத்தின் மேல் நிறுத்துவதில் அவன் கெட்டிக்காரன்.

அன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 'துக்கப் போஸ்டருக்கு. பெயர், வயது எல்லாம் வீட்டு ஆள் நேரில் வந்து சொல்வார்.'

படத்தின் நடுவில் பல வண்ணக் கென்டே துணி உடுத்திய ஓர் அம்மாள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். ஆப்பில் ஒரே தட்டு, பின்னணி காணாமல் போனது. மேகம் வைத்தான். தாராளமாக இரண்டு புறாக்களையும் பறக்கவிட்டான்.

மதியம் கறுப்புத் துணியில் அதே அம்மாள் கடைக்குள் வந்தாள். பெம்பா திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் திரையைப் பார்த்தாள். "ஏன்டா, உசுரோட நிக்கிறவள மேல அனுப்பிட்டியே! அதுக்குப் புறா வேறயா?"

"படத்துல நீங்கதானேம்மா நடுவுல இருந்தீங்க..."

"போனது என் வீட்டுக்காரர்டா. பழைய படத்தத் திற."

திறந்தான். அவன் அழித்த பின்னணியில், அவள் தோளுக்குப் பின்னால், ஒருவர் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கித் தலையில் சுமந்து போய்க்கொண்டிருந்தார்.

"எந்த விசேஷத்துலயும் அந்த மனுஷன் படத்துக்குன்னு நின்னதே இல்ல. இது ஒண்ணுதான் இருக்கு."

பெம்பா அவரைச் சுற்றி விரலால் கோடு வரைந்து, பதமாக வெட்டியெடுத்தான். "நாற்காலிய எல்லாம் அழிச்சிடுறேம்மா."

"வேணாம்," என்றாள் அவள். "அது இல்லாட்டி ஊர்ல ஒருத்தருக்கும் அவர அடையாளம் தெரியாது."