இறந்தவர்களின் பாதுகாப்பு

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம்; வெளியே நாற்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட் குளிர், விடாத தூறல்.

இறுதிச்சடங்கு உரிம வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களும், கார்னெல் பெட்டிஸ் என்பவரிடமிருந்து இறந்தவர்களைக் காப்பாற்றும் பொருட்டுக் கூடியிருந்தனர்.

பெட்டிஸுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஆர்வில் ஊரில், மிஸ் ஓடெஸாவின் இறுதிச்சடங்கு இல்லத்தில், பதினேழு ஆண்டுகளாக உடல்களைக் குளிப்பாட்டி, பதப்படுத்தி, சவரம் செய்து, உடுத்தி, உறவினர் பார்வைக்கு வைப்பவர் அவர். சட்டப்படி இவ்வளவையும் செய்பவர் மிஸ் ஓடெஸா. அதாவது, அருகில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பார். எண்பத்தொரு வயதில் அவருடைய கைகள் நடுங்குகின்றன, உரிமம் நடுங்குவதில்லை.

அந்த உரிமம் மாத இறுதியில் காலாவதியாகிறது. பெட்டிஸுக்குப் புதியது கிடைக்காவிட்டால் இல்லம் மூடப்படும். நாங்கள் எங்கள் இறந்தவர்களை அறுபது மைல் கொண்டுபோக வேண்டும்.

அறுபது மைல் தொலைவில் இருப்பது வாரியத் தலைவர் ஹார்கிரோவின் இல்லம். இதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை.

எழுத்துத் தேர்வில் பெட்டிஸ் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் பெற்றிருந்தார். வாரியம் அதையும் ஐயத்துடனே நோக்கியது.

தடை 1992இல் இருந்தது. அந்த ஆண்டு, ஒரு மீன் விருந்து முடிந்த வாசலில், கார் ஜாக்கியின் கம்பியால் பெட்டிஸ் ஒருவரின் தாடையை உடைத்தார். கொடுங்குற்றத் தாக்குதல், ஆறு ஆண்டுச் சிறை. அதன்பின், தண்டனை முடிந்தது என்று அரசு எழுதிக் கொடுத்தது. முடியவில்லை என்று வீட்டு உரிமையாளர்களும், முதலாளிகளும், வாக்காளர் பட்டியல் எழுத்தர்களும் இருபத்தொரு ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஹார்கிரோவ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மிஸ்டர் பெட்டிஸ், பூட்டுன அறை, கையில கத்தி, பக்கத்துல யாருமில்ல. திடீர்னு கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்கிட்ட வர்றவங்க யாரும் இதுவரைக்கும் எதுத்துப் பேசுனதில்ல சார்."

"சொல்லுய்யா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கியாரை உற்சாகப்படுத்துவதைப்போல, எழுந்தது.

ஹார்கிரோவ் மேசையைத் தட்டினார். பார்வையாளர் பேசக் கூடாது. முறைப்படி பேச அனுமதி கேட்டிருந்த ஒரே பார்வையாளருக்கும் அது காலையிலேயே மறுக்கப்பட்டிருந்தது.

உறுப்பினர் திருமதி ஸ்டாகில் முன்னால் சாய்ந்தார். "நீங்க அடிச்ச அந்த ஆள அதுக்கப்புறம் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். போன அக்டோபர்ல."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல மேடம். மேசை மேல இருந்தாரு. நெஞ்சுவலியில போயிட்டாரு. அவரு தங்கச்சி எங்ககிட்டதான் கொண்டாந்தாங்க. பெட்டிய மூடக் கூடாது, ஊரே மொகத்தப் பாக்கணும்னாங்க. அந்தத் தாடை கோணலாத்தான் ஒட்டியிருந்துச்சு. வாய மூடவே ரெண்டு மணி நேரம் ஆச்சு."

திருமதி ஸ்டாகில் கைக்குட்டையை எடுத்தார். "ஐயோ, அந்தம்மாவுக்கு நீங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன மேடம்? அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஸ்ட்ரா வெச்சு அவருக்கு சூப் குடுத்ததே அவங்கதான்."

"பாவம் அந்தம்மா," என்று முணுமுணுத்தபடி ஹார்கிரோவ் எதையோ எழுதினார்.

வாரியம் பரிசீலனைக்காக உள்ளறைக்குச் சென்று ஒன்பது நிமிடம் தங்கியது. தீர்மானம் முன்பே தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால், ஒன்பது நிமிடமும் காப்பிக்கே செலவாகியிருக்க வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் ஒரே வாக்கியம்: "பாதிக்கப்பட்டவரின் குடும்பம் ஆட்சேபப் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருப்பதாலும், அக்குடும்பத்தின் மன அமைதியைக் காப்பது வாரியத்தின் கடமையாதலாலும்."

பெட்டிஸ் தம் பிரதியை வாங்கி, கசங்காமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் காலை முழுவதும் தேடியவர்கள், இல்லாததைக் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் பிரதி, சட்டப்படி, குடும்பத்துக்கு உரியது. எழுத்தர் பெயரைக் கூப்பிட்டார்.

நான் எழுந்தேன்.

அந்தப் படிவம் நான்கு வாரங்களுக்கு முன் எனக்கு வந்தது. அதில் ஒரே ஒரு கட்டம் இருந்தது: "ஆட்சேபிக்கிறேன்." ஆட்சேபிக்காதவர்களுக்குக் கட்டம் எதுவும் அச்சிடப்படவில்லை. எனவே கட்டத்தைத் தொடாமல், ஓரத்தில் தெளிவான கையெழுத்தில் எழுதினேன்: என் அண்ணனின் முகத்தை எனக்குத் திருப்பித் தந்தவர் இவர், இவருக்கு உரிமம் கொடுங்கள். கீழே கையொப்பமிட்டு அனுப்பினேன். கட்டத்துக்கு வெளியே எழுதப்பட்டதை அவர்கள் படிப்பதில்லை. திரும்பி வந்த தாள்களை எண்ணுகிறார்கள்.

ஹார்கிரோவ் தாமே எழுந்து வந்து, தம் கையொப்பத்தின் மை உலராத தாளை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மெல்ல மூடினார்.

"உங்களுக்காகத்தாம்மா," என்றார்.