பச்சை லாரியின் மூச்சு

“லாரிக்கும் நம்மள மாதிரி மூச்சு வாங்குமாப்பா?”

ஒரு சிறுமி என்றோ கேட்டது. அடுத்த வீட்டு மெர்வுடைய கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் கிளைவுக்கு அது நினைவுக்கு வரும். வந்த உடனே நாக்கில் ஒரு நக்கலும் ஊறும்.

அன்று சனிக்கிழமை. மெர்வுடைய பழைய பச்சை லாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எஞ்சினின் மேல்மூடிகளான இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளும் கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தன. அவற்றில் காற்று நுழையும் துவாரங்களை, கைக்கிரைண்டரால் வாரக்கணக்கில் குடைந்து அகலப்படுத்தியிருந்தார் மெர்வ். தாராளமாக மூச்சு விட்டால் எஞ்சின் மலையேறிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

கிளைவ் வேலியில் சாய்ந்துகொண்டார்.

“யோவ் மெர்வ், கிழவிக்கு மூக்கைப் பெருசாக்கி விட்டா ஓட்டப்பந்தயம் ஓடிருவாளா?”

மெர்வ் சிரித்தார். அந்த ஆளுக்குக் கோபம் வராது. கிளைவுக்கு அதுதான் எரிச்சல்.

அடுத்த வாரம் வைக்கோல் ஊர்வலம். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்கள் ஊரான முருருண்டியிலிருந்து லாரிகள் வரிசையாக மலையைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கு வைக்கோல் கொண்டுபோய்ச் சும்மா கொடுத்துவிட்டு வரும். பச்சை லாரி எப்போதும் கடைசி. போன முறை பாதி மலையில் நின்றேபோனது. அதிலிருந்த கட்டுகளுக்காகக் காத்திருந்த பண்ணைக்கு அன்று எதுவும் போய்ச் சேரவில்லை. இந்த முறையும் நின்றால் இனி வரிசையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கிளைவ் ஹெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். துவாரங்கள் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளும் அளவுக்குப் பளபளத்தன. ஆனால் ஓரிடத்தில் கிரைண்டர் துள்ளியிருந்தது. துவாரத்தை மூடித் திறக்கும் வால்வு உட்காரும் விளிம்பில் மயிரிழைபோல ஒரு கீறல். வால்வு எத்தனை இறுக்கமாக மூடினாலும் அதன் வழியே கசியும்; பாரத்தோடு மலையேறினால் எஞ்சின் திணறும். மெர்வ் கண்ணுக்கு அது தெரியவில்லை.

பாலிஷ் போடத் தெரிந்தவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. கிளைவ் அதைச் சொல்லவில்லை. ஊர் சிரிக்கும் அன்று சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம்.

“யாருக்குய்யா இவ்வளவு பாடு? அவங்க பேராவது தெரியுமா?”

“பேரெல்லாம் கேக்கறதில்லப்பா. கேட்டைத் திறப்பாங்க, உள்ள ஆடு பசியில கத்தும். போதாதா?”

“மடையன்” என்று முணுமுணுத்தபடி கிளைவ் வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலை மெர்வும் மனைவியும் சர்ச்சுக்குப் போனார்கள். கொட்டகை வழக்கம்போல் பூட்டாமல் கிடந்தது.

கிளைவ் வேலியைத் தாண்டினார்.

“சர்ச்சுக்குப் போறவன் லாரியையும் ஜெபத்துலயே ஓட்டிருவான்போல.”

மெர்வ் இரவே வால்வுகளை மாட்டியிருந்தார். ஸ்பிரிங்கை அழுத்தி, கீறல் இருந்த இடத்து வால்வைக் கழற்றினார். விளிம்பில் தேய்ப்புப் பசையைத் தடவினார். ரப்பர் முனை வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே மத்தைப்போல் உருட்டினார். தூக்கிப் பார்த்தார். கீறல் இருந்தது. குருட்டுப்பயல், கைநடுங்கி, வேலை தெரியாதவன் என்று திட்டித் திட்டி உருட்டினார். தோள் கடுத்தது.

விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் ஒன்று எங்கும் அறுபடாமல் விழுந்தபிறகுதான் நிறுத்தினார்.

பசையைத் துடைத்து வால்வை மாட்டினார். குச்சியை அதன் ஆணியிலேயே தொங்கவிட்டார். கார் சத்தம் கேட்பதற்குள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

மாலையில் வேலியோரம் மெர்வுடைய குரல்.

“கிளைவ்! மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்துட்டேன். எந்த வால்வுலயும் ஒரு சொட்டு கசியல!”

“குருட்டுப்பூனை விட்டத்துல பாஞ்சிருக்கு. மலையில தெரியும் உன் லட்சணம்.”

கிளைவ் குழாயடிக்குப் போய்க் கைகளைத் தேய்த்துக் கழுவினார்.

லாரிக்கு மூச்சு வாங்குமா என்று கேட்ட சிறுமி அவருடைய மகள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் பண்ணையில், தீனியில்லாத ஆடுகளைச் சுட்டுவிடுவதென்று அவர் துப்பாக்கியை எடுத்து வைத்திருந்த நாள் அது. மற்ற லாரிகள் வேறு பண்ணைகளுக்குப் போய்விட்டன. இனி வராது என்று கேட்டைச் சாத்தப் போனபோது, ஒரு பச்சை லாரி ஆவி கக்கிக்கொண்டு ஏறி வந்தது. ஓட்டி வந்தவர் கட்டுகளை இறக்கினார். ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்தார். பெயர் கேட்காமல் போய்விட்டார்.

பண்ணையை விற்று இந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்று, அதே லாரி அடுத்த வீட்டில் நின்றது. நன்றி சொல்லப் பழகாத வாய்க்கு நக்கல்தான் சுலபமாக வந்தது.

உள்ளங்கை ரேகைகளுக்குள் போன சாம்பல் நிறம் போகவில்லை.

கிளைவ் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் குழாயை மூடினார்.