ஷாஃப்ட் மாற்ற வந்தவள்

கணவரின் பிறந்தநாளுக்கு அவருடைய ஹைப்ரிட் கோல்ஃப் மட்டையின் ஷாஃப்டை, அதாவது தண்டை, நல்லதாக மாற்றித் தரவேண்டும் என்று வசுமதி கேட்டாள். கடைக்காரன் கிளெமென்ட் முதலில் விசாரித்தான்.

"சார் வேகமா வீசுவாரா, நிதானமா வீசுவாரா மேடம்?"

"நான் பாத்ததில்லையே. நாலு வருஷமா சனிக்கிழமை விடிஞ்சா கிளம்பிடுவார். இந்த மட்டை இல்லாம ஆட்டமே இல்லைன்னு சொல்வார். மத்தியானம் களைச்சுப்போய் வருவார்."

வீச்சு தெரியாவிட்டால் மட்டையின் முகத்தைப் பார்ப்பது அவன் வழக்கம். பந்து பட்டுத் தேய்ந்த இடத்தை வைத்தே எந்த ஷாஃப்ட் பொருந்தும் என்று சொல்லிவிடுவான். உறையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினான். கம்பெனியில் ஒட்டிய கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

மட்டையைக் கவிழ்த்து வைத்தான்.

"மீடியம் போதும் மேடம். சார் ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கார்."

"எல்லாத்தையுமே பத்திரமா வெச்சுப்பார்" என்றாள் வசுமதி. அடுக்கியிருந்த ஷாஃப்டுகளின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வந்ததிலிருந்து அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஷாஃப்ட் வேணும்னாலும் போடுங்க. அந்தத் தாளை மட்டும் உரிச்சிடாதீங்க."