வால் அறாத பல்லி

ஒரு வீட்டுச் சுவரில் தாய்ப் பல்லி ஒன்றும் அதன் குட்டியும் குடியிருந்தன. ஒரு தடவையாவது வால் அறுந்து முளைக்காத பல்லி வாய் திறக்கக் கூடாது என்பது அந்தச் சுவரின் சட்டம்.

"நாம என்ன சொன்னாலும் மனுஷங்க நம்பிடுவாங்கடி. நடக்க இருந்த கல்யாணம்கூட நின்னுபோகும். உனக்கு இன்னும் விவரம் பத்தாது" என்று அம்மா அடிக்கடி மிரட்டும்.

ஒரு நாள் கீழே ஒரே பேச்சாக இருந்தது. அந்த வீட்டுப் பெண் தவமணிக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அனுப்பலாமா வேண்டாமா என்று அப்பாவும் மாமாவும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் போறேன்ப்பா" என்றாள் தவமணி.

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல?" என்றார் மாமா.

கொஞ்ச நேரம் பொறுத்து, "நான் போறேனே" என்றாள் மறுபடியும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குட்டிக்குத் தொண்டை அரித்தது. அம்மா முறைப்பது தெரிந்தும் அதனால் அடக்க முடியவில்லை.

"ச்சு... ச்சு... ச்சு..."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பல்லி சொல்லிடுச்சு மச்சான்! அப்புறம் என்ன யோசனை? அனுப்பி வைப்போம்."

அப்பாவும் பயபக்தியோடு தரையைத் தட்டினார்.

மேலே அம்மா பொரிந்து தள்ளியது. "யாரைக் கேட்டுடி பேசினே? வால் முழுசா இருக்கு, அதுக்குள்ள வாய் வந்துடுச்சா?"

"நான் புதுசா ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றது குட்டி. "அந்த அக்கா சொன்னதையேதான் சொன்னேன்."

அம்மா கீழே எட்டிப் பார்த்தது. தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் பெரிய பல்லிகள் மட்டுமே உட்காரும் இடத்தில், அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"வா" என்றது.