தெரியாது என்று சொல்லாத சராசரி

ஆற்றங்கரை அலுவலகக் கணினிக்குள் காவல் என்றொரு பழைய நிரல் இருந்தது. ஆற்றில் நட்டிருந்த ஐந்து அளவுகோல்களின் எண்களை வாங்கி, சராசரி என்னும் கணக்குக்காரனிடம் கொடுப்பது அதன் வேலை. ஓர் எண் குறைந்தாலும் சராசரி, "எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெள்ளம் கோலையே பிடுங்கிக்கொண்டு போனால்தானே எண் வராது? அந்தத் 'தெரியாது' காதில் விழுந்ததும் காவல் ஊர்ச் சங்கை அலறவிடும். பதினோரு வருஷமாக ஊர் பிழைத்தது இப்படித்தான். இந்த ஏற்பாட்டைக் காவல் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் சராசரியைப் புதுப்பித்து அனுப்பினார்கள்.

"அண்ணே, இனிமே உங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். வராத எண்ணை விட்டுட்டு, வந்ததை வெச்சு விடை சொல்லிடுவேன். எல்லாரும் கேட்டது இதைத்தான்."

"நல்லதாப் போச்சு தம்பி," என்றது காவல். பழைய சிடுசிடுப்பு அதற்கும் அலுத்திருந்தது.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஓர் எண் வரவில்லை.

"மிச்சம் நாலுக்கு ரெண்டு மீட்டர் அண்ணே," என்றது சராசரி.

விடைதான் வந்துவிட்டதே. 'ஆபத்தில்லை' என்று எழுதியது காவல். அடுத்த மணி நேரத்தில், மலைமேல் ஓடையளவே தண்ணீர் ஓடும் இடத்தில் நின்ற கோலிலிருந்து மட்டும் எண் வந்தது.

"ஒரு மீட்டர்," என்றது சராசரி.

காவலுக்கு ஏதோ உறுத்தியது. "தம்பி, உனக்கு நிஜமாவே தெரியுமா?"

"தெரியாதுன்னு சொல்றதையே விட்டுட்டேன் அண்ணே."

காவல் 'ஆபத்தில்லை' என்று எழுதி முடித்தபோது, கணினி இருந்த மேஜையைத் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது.